ஒன்றும் வாங்காத நாட்கள்

நோட்டுகள் வந்து இறங்கும் நாளில் அந்த அறைக்குள் முதலில் நுழைவது வாசனைதான். எண்ணெய்ப் பிசுக்கு, வெங்காயம், ஈரத் துணி, மலிவான சோப்பு. எட்டாயிரம் வீட்டுச் சமையலறைகளைச் சாக்குப்பையில் கட்டிக்கொண்டு வந்து மூன்றாம் மாடியில் கொட்டியதுபோல் இருக்கும். அன்று மட்டும் சூப்பிரண்டு மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசலோடு நின்றுவிடுவார். பென்சிலுக்கு அந்த வாசனை பிடிக்கும். பிடிக்கும் என்று ஒன்பது வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

பென்சில் என்பது ஆபீஸ் வைத்த பெயர். வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நோட்டும் எழுத ஒரு பென்சிலும் கொடுப்பார்கள். பதினாலு நாள், தினமும் என்ன வாங்கினார்கள், எவ்வளவு, என்ன விலை என்று வீட்டுக்காரர்களே எழுத வேண்டும். நோட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும். திரும்பி வரும் நோட்டுகளில் தப்பு இருந்தால் சிவப்புப் பேனா. ஒரு நாள் காலியாக இருந்தால் பென்சில். மனுஷர்களுக்கு மறதி உண்டு, எழுதச் சோம்பல் உண்டு, எனவே காலி நாள் என்பது மறந்துபோன நாள் என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. மறந்துபோன நாளில் அதே தெருவில் நோட்டு எழுதிய மற்ற ஐந்து வீடுகளில் ஒன்றைப் பார்த்து, அந்த வீடு வாங்கியதை இந்த வீட்டுக்கும் எழுத வேண்டும். நிரப்பியவர் பக்கத்தின் ஓரத்தில் உள்ள கட்டத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். அவ்வளவுதான் நிரப்புப் பிரிவின் வேலை.

ஐந்து வீட்டில் எதை எடுப்பது என்பது நிரப்புகிறவள் இஷ்டம். பென்சிலுக்குக் கை தாராளம். முட்டை வாங்கிய வீட்டைத்தான் எடுப்பாள். சனிக்கிழமை என்றால் கொஞ்சம் பழமும் இருக்கிற வீடாகப் பார்ப்பாள். எழுதும்போதே அந்த வீட்டில் அடுப்பு எரிவதும், யாரோ ஒரு குழந்தை தட்டோடு வந்து உட்காருவதும் கண்ணில் தெரியும்.

"என்ன பென்சில், இன்னிக்கு ஊருக்கு என்ன சமையல்?" என்பார் சூப்பிரண்டு.

"உருளைக்கிழங்கும் முட்டையும் சார்."

"எனக்கும் ஒரு பிளேட் எடுத்து வைம்மா. வீட்ல இன்னிக்கும் வெறும் ரொட்டிதான்."

பணக்கார வீட்டு நோட்டுகளில் இந்தச் சிரமம் கிடையாது. அவை பெரும்பாலும் சமையல்காரர் கையெழுத்திலோ டிரைவர் கையெழுத்திலோ வரும். சில நோட்டுகள் திறக்கப்படாமலே, 'நேரமில்லை' என்று ஒரு சீட்டோடு வரும். அவற்றை நிரப்பக் கூடாது என்று தனி விதி இருந்தது. அவர்கள் வரித் தாளில் தாங்களே எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்த வருடம் வரிச் சீர்திருத்தக் குழு வந்தது. குழுவின் ஆலோசகர் முப்பதைத் தாண்டாத இளைஞர், நல்ல துணி, நல்ல பல், எல்லோரையும் மேடம், சார் என்று கூப்பிடுகிறவர். ஆபீசையே ஹாலில் கூட்டி வைத்து விளக்கினார். இப்போது வாரிசுச் சொத்துக்கும் பெரிய சொத்துக்கும் தனி வரி இருக்கிறது. அதை எடுத்துவிடப் போகிறார்கள். மாவு, சோப்பு, எண்ணெய்க்கு இதுவரை வரி இல்லை. இனிமேல் எல்லாப் பொருளுக்கும் ஒரே விகிதம்.

"மேல இருக்கறவங்க கையில பணம் நின்னா அது முதலீடாகும். முதலீடானா வேலை வரும். வேலை வந்தா கீழ இறங்கும்," என்றார். கீழே இறக்கிக் காட்டக் கையை மேலே தூக்கியபோது கைக்கடிகாரம் மணிக்கட்டில் சறுக்கி முழங்கைப் பக்கம் போய் நின்றது.

"எத்தனை வருஷத்துல சார் இறங்கும்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. ஆலோசகரும் சிரித்தார்.

"நியாயமான கேள்வி. அதுக்குத்தான் ஏழாம் அட்டவணை."

ஊரில் உள்ள குடும்பங்களை எல்லாம் வருமானப்படி வரிசையாக நிற்கவைத்து, பத்துப் படியாகப் பிரிப்பார்கள். கீழ்ப்படிக் குடும்பங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்று சொல்வது ஏழாம் அட்டவணை. அது நாற்பதுக்குக் கீழே இறங்கினால், சொத்து வரியில் பாதியை விட்டுவைத்து, அந்தப் பணத்தைக் கீழ்ப்படி வீடுகளுக்கு மாதாமாதம் உதவித்தொகையாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்ட முன்வடிவில் எழுதியிருந்தது. நாற்பதுக்கு மேலே நின்றால் உதவித்தொகை தேவையில்லை, சொத்து வரி முழுவதுமாகப் போய்விடும். போன வருடம் நாற்பத்து மூன்று.

ஹாலை விட்டு வரும்போது பென்சிலுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு நாட்டின் வரியே தன் மேஜை வழியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பெருமை ஆறு நாள் இருந்தது.

ஏழாம் நாள், கீழ்ப்படி வீடுகளின் கட்டைப் பிரித்து ஒரு நோட்டைத் திறந்தாள். முதல் பக்கத்திலேயே கை நின்றது. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு. ஒவ்வொரு நாளின் கணக்கும் முடிந்த இடத்தில் அடிக்கோலை வைத்துப் போட்டதுபோல் நேரான ஒரு கோடு. கல்யாணத்துக்கு முன் மருந்துக் கடையில் பில் போட்டவள் எழுத்து அது. அண்ணியின் எழுத்து.

தெரிந்தவர் வீட்டு நோட்டு வந்தால் படிக்காமல் சூப்பிரண்டிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. பென்சில் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை: இறைச்சி அரைக் கிலோ. தயிர். வாழைப்பழம் ஒரு சீப்பு. ஐஸ்கிரீம், பெரிய டப்பா. தேதியைப் பார்த்தாள். அது அவள் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த ஞாயிறு. ஒரு டப்பா பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு முறை இறைச்சி போட்டுக்கொண்டு, ஐஸ்கிரீம் கிண்ணத்தை வழித்துவிட்டு வந்த ஞாயிறு. அதற்குக் கீழே கோடு.

திங்கள்: காலி. கீழே கோடு.

செவ்வாய்: காலி. கீழே கோடு.

புதன்: காலி. கீழே அதே நேரான கோடு.

மறந்துபோனவர்கள் கோடு போடுவதில்லை.

மதியம் அவளால் சாப்பிட முடியவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தாள், மூடினாள். பிறகு அந்தக் கட்டுக்குள் மீதமிருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காலி நாட்களை மட்டும் பார்த்தாள். ஒன்றில் தேதியைச் சுற்றி வட்டம். ஒன்றில் பக்கம் முழுக்க ஒரு நீளக் கோடு. ஒன்றில் 'இல்லை' என்று எழுதி, பிறகு வெட்கப்பட்டதுபோல் அடித்திருந்தார்கள். இந்தக் கோடுகளை எல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடங்களாக அவற்றை ரப்பரால் அழித்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அதன்மேல் முட்டை எழுதியிருக்கிறாள். ரப்பர் தூளை உள்ளங்கையால் தட்டிவிட்டிருக்கிறாள். பசியோடு படுத்த வீடுகளுக்கெல்லாம் காகிதத்தில் சோறு போட்டு, அதற்குச் சம்பளமும் வாங்கி, அந்தச் சம்பளத்தில் பிஸ்கட் வாங்கிக்கொண்டு விருந்துக்கும் போயிருக்கிறாள். வாயில் ஏதோ கசந்தது. கழுவுமிடத்துக்குப் போய்த் துப்பினாள். போகவில்லை.

அன்றிலிருந்து அவள் நிரப்பவில்லை. காலி நாளைக் காலியாகவே விட்டு, கட்டைக் கட்டி, மேலே 'சரிபார்க்கப்பட்டது' என்ற சீட்டை ஒட்டி அனுப்பினாள். சூப்பிரண்டு எந்தக் காலத்திலும் கட்டைப் பிரித்துப் பார்த்ததில்லை, வாசனை ஆகாது. காலி கம்ப்யூட்டருக்குள் போனால் பூஜ்யமாக ஏறும், பூஜ்யம் ஏறினால் சராசரி இறங்கும், இறங்கினால் உதவித்தொகை வரும் என்று அவள் கணக்கு. மனசுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது.

பதினோராம் நாள் ஏழாம் அட்டவணை வந்தது. ஐம்பத்தொன்று.

ஹாலில் கேக் வெட்டினார்கள். "ஒரே வருஷத்துல எட்டு! நானே எதிர்பார்க்கல," என்றார் ஆலோசகர். கேக்கின் வெள்ளை க்ரீம் அவர் மேலுதட்டில் ஒட்டியிருந்தது. ஏழைகள் முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று எல்லோரும் காகிதத் தட்டில் கேக்கை வைத்துக்கொண்டு மகிழ்ந்தார்கள். பென்சில் கையில் கொடுக்கப்பட்ட தட்டை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு சூப்பிரண்டை ஓரமாக இழுத்தாள்.

"சார், காலி நாள் இருந்தா கம்ப்யூட்டர் என்ன பண்ணும்?"

"காலியே இருக்காதேம்மா. நீதான் நிரப்பிடறியே."

"இருந்தா?"

அவர் அவளைப் பார்த்தார். வாயிலிருந்த கேக்கை மெல்வதை நிறுத்தினார். "என்ன பண்ணித் தொலைச்ச?"

கணினி அறைக்காரர் சொன்னார். பதினாலு நாளும் நிரம்பாத நோட்டைப் புரோகிராம் ஏற்றுக்கொள்ளாது, அரைகுறை என்று ஓரமாகத் தள்ளிவிடும். இந்த வருடம் முந்நூற்றுப் பன்னிரண்டு நோட்டுகள் தள்ளியிருக்கின்றன. இதுவரை ஒன்றுகூடத் தள்ளியதில்லை என்பதால் யாருக்கும் அது தெரியாது. ஒன்பது வருடத்தில் ஒரு காலி நாளும் அவள் மேஜையைத் தாண்டிப் போனதில்லை.

அவள் இதுவரை பொய்யாகச் சோறு போட்ட வீடுகள் இந்த முறை வீடுகளாகவே இல்லாமல் போய்விட்டன. பசித்தவர்களை வரிசையிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, மிச்சமிருந்தவர்களின் தட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக் கொண்டிருந்தது ஹால். எறிந்தது அவள் கை. உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டையும் சேர்த்து, காலியைக் காலியாகவே எண்ணினால், முப்பத்தொன்று.

காகிதத்தோடு ஆலோசகர் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இரண்டே நிமிடத்தில் புரிந்துகொண்டார். அவள் எதிர்பார்த்ததைவிட வேகமாக. அதுதான் அவளுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

"ரொம்ப நல்லாப் பார்த்திருக்கீங்க மேடம். உண்மையிலேயே. ஆனா ஒண்ணு யோசிங்க. வாங்காத நாள்னா சாப்பிடாத நாள்னு அர்த்தமில்லையே? வீட்ல சாமான் இருந்திருக்கலாம். யாராவது குடுத்திருக்கலாம். நீங்க பூஜ்யம்னு போட்டா அதுவும் ஒரு நிரப்பல்தானே?"

"அவங்க கோடு போட்டிருக்காங்க சார்."

"கோடு ஒரு தகவல் இல்லையே."

அவள் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பேனாவைத் திறந்து மூடினார். "சரி, இப்படிச் செய்யலாம். அந்த முந்நூத்துச் சொச்சத்துல ஒரு வீட்டைக் கூட்டிட்டு வாங்க. அந்த நாள்ல என்ன நடந்ததுன்னு நேர்ல சொல்லிக் கையெழுத்துப் போடட்டும். அதை வச்சு நான் எல்லா நோட்டையும் திரும்ப உள்ள எடுக்கச் சொல்றேன். ஆனா நாளைக்கு மத்தியானம் அறிக்கை அச்சுக்குப் போகுது."

முந்நூற்றுப் பன்னிரண்டில் அவளுக்கு முகம் தெரிந்த வீடு ஒன்றுதான்.

அண்ணன் வீடு டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை. படியேறும்போதே ரப்பர் வாடை தொண்டையைப் பிடிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் இன்னும் வரவில்லை. குளிர்பதனக் கிடங்கில் மூட்டை இறக்குகிற வேலை. அண்ணி தரையில் உட்கார்ந்து கம்பெனிச் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டைக்கு ஏழு பட்டன். பக்கத்தில் சட்டைகள் இடுப்பளவு குவிந்திருந்தன. குழந்தை கீழே கடை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது.

"வாங்க மகாராணி. ஞாயித்துக்கிழமை தவிர உனக்கு வழி தெரியாதுன்னு நினைச்சேன்," என்றாள் அண்ணி. "உக்காரு. ஊசி கிடக்கும், பாத்து."

"அண்ணி, கணக்கெடுப்பு நோட்டு எழுதினீங்களா?"

ஊசி நின்றது. "யாரு சொன்னது?"

"ஏழுக்குக் குறுக்குக் கோடு போடறது ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

"அடப்பாவி. அங்கயும் நீதான் உக்காந்திருக்கியா? பேரு இருக்காது, ஊரு இருக்காது, யாருக்கும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணாளே நோட்டு குடுக்க வந்த பொண்ணு."

"மூணு நாள் ஒண்ணுமே வாங்கல. நான் வந்துட்டுப் போன அப்புறம்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." சொன்ன வேகத்திலேயே சம்பந்தம் தெரிந்தது. "உங்கண்ணனுக்கு வாரத்துல நாலு நாள்தான் கூப்பிடறாங்க. மெஷின் வாங்கிட்டாங்க. அவ்வளவுதான் விஷயம்."

"ஏன் சொல்லல?"

"சொல்லிட்டு? பிஸ்கட்டை ரெண்டு டப்பாவா வாங்கிட்டு வந்திருப்ப. அதானே?"

பென்சிலுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னாள். ஐம்பத்தொன்று, முப்பத்தொன்று, மாவுக்கு வரப்போகும் வரி, கேக், நாளை மதியம். அண்ணி தைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் வந்து பட்டினி கிடந்தேன்னு கையெழுத்துப் போடணும்."

"ஆமா."

"எழுதித்தானே குடுத்தேன்? எழுதாம விட்டதுதான் எழுதினது. அது போதாதாமா? சாட்சிக்கு வயித்தையும் கூட்டிட்டு வரணுமா?"

"அண்ணி..."

"இரு. எனக்கு ஒண்ணு புரியல. அப்பன் விட்டுட்டுப் போன நாலு வீட்டை வாங்கி வச்சுக்கறவன் வரி கட்ட வேண்டாம்கிறதுக்கு அவன் எங்கயாவது வந்து கையெழுத்துப் போட்டானா? எனக்கு இவ்வளவு இருக்கு, அது எனக்கு எப்படி வந்ததுன்னா இப்படி வந்ததுன்னு, எவனாவது நின்னு சொன்னானா?"

அவர்கள் நோட்டைத் திறக்காமலே அனுப்புவார்கள் என்று சொல்லப் பென்சிலுக்கு வாய் வரவில்லை.

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்தத் தொகை எவ்வளவு வரும்?"

"மாசத்துல பத்து நாள் சாப்பாட்டுக்கு ஆகும்."

கீழே குழந்தை எதற்கோ கத்திச் சிரித்தது. அண்ணி அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள்.

"உங்கண்ணனுக்குத் தெரியக் கூடாது," என்றாள். "தெரிஞ்சா அந்த மனுஷன் செத்துருவாரு. எத்தனை மணிக்கு வரணும்?"

மறுநாள் பத்து மணிக்கு அண்ணி நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். அதுவே ஆலோசகருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்ததுபோல் தெரிந்தது. டீ வரவழைத்தார். அண்ணி குடிக்கவில்லை. சூப்பிரண்டு சுவரோரம் நின்றார், பென்சில் அண்ணியின் நாற்காலிக்குப் பின்னால். ஆலோசகர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"அந்தத் திங்கக்கிழமை எடுத்துப்போம். கடைக்குப் போகல. சரி. வீட்ல எதுவுமே இல்லையா?"

"பாப்பாவுக்குக் கஞ்சி வச்சேன். டப்பாவோட அடியில கொஞ்சம் மாவு இருந்தது."

"எவ்வளவு?"

"ரெண்டு கை இருக்கும்."

"நூறு கிராம்," என்று தட்டினார். "நீங்க?"

"டீ குடிச்சேன்."

"சர்க்கரை போட்டா?"

"அரை ஸ்பூன்."

"ஒரு ஸ்பூன்னே வச்சுக்கலாம். எத்தனை தடவை?"

"ரெண்டு."

"ரொட்டி?"

"காஞ்ச ஓரம் ரெண்டு கிடந்தது. தண்ணில நனைச்சு அவருக்குக் குடுத்தேன்."

"ரொட்டி, ரெண்டு," என்று தட்டினார். "குழந்தை ஸ்கூல் போகுதில்ல? அங்க மத்தியானம் சாப்பாடு உண்டே?"

"உண்டு."

"ஓட்டல் விலையில போடணும், அதுதான் முறை. வீட்டுக்காரருக்கு வேலை இடத்துல டீ? அது ஒண்ணு. அடுப்பு எரிஞ்சிருக்கு, அதுவும் செலவுதான்." அவர் விரல்கள் வேகமாக ஓடின. முகத்தில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. பரீட்சைத் தாளில் கணக்கு விடைக்கு வந்துவிடும் என்று தெரிந்த பையனின் முகம் அது. பென்சிலுக்கு அந்த முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. ஒன்பது வருடங்களாகத் தன் மேஜையில் குனிந்திருந்தபோது தனக்கும் அதே முகம்தான் இருந்திருக்கும்.

"மூணால வகுத்தா... நாற்பத்தொண்ணு." தலையை நிமிர்த்தினார். சந்தோஷமாகவே சொன்னார்: "கோட்டைத் தாண்டிட்டீங்கம்மா."

அண்ணி மெதுவாகக் கேட்டாள்: "எதைத் தாண்டினேன்?"

"வறுமைக் கோடு மாதிரி. அந்த நாள்லகூட நீங்க அதுக்கு மேலதான் இருந்திருக்கீங்க. இங்க ஒரு கையெழுத்து." தாளை அவள் பக்கம் தள்ளிவிட்டு, பென்சிலைப் பார்த்தார். "நான் சொன்னபடி எல்லா நோட்டையும் உள்ள எடுத்துக்கலாம் மேடம். இதை ஒரு மாதிரி நாளா வச்சு, முந்நூத்திப் பன்னெண்டுலயும் காலி இருக்கற இடத்துல எல்லாம் இதையே போட்டுடலாம். சராசரி ஐம்பத்தொண்ணுலேருந்து கொஞ்சம் குறையும், ஆனா நாற்பதுக்குக் கீழ போகாது. உங்களுக்கும் திருப்தி. ரெண்டு மணிக்குள்ள நிரப்பி, கட்டத்துல உங்க சுருக்கொப்பம் போட்டுக் குடுத்துடுங்க."

"நான் போட மாட்டேன் சார்," என்றாள் பென்சில்.

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கத்தவில்லை.

"ஒன்பது வருஷம் போட்டீங்களே?"

"போட்டேன்."

ஆலோசகர் சூப்பிரண்டைப் பார்த்தார். சூப்பிரண்டு கூரையைப் பார்த்தார். "எனக்கு ஓய்வுக்கு நாலு மாசம்தான் சார் இருக்கு. கண்ணும் சரியில்ல. நிரப்பறவங்கதான் ஒப்பம் போடணும்னு விதி. சார்தானே இந்த நாளை நிரப்பினது... சாரே போட்டுட்டா..."

முதல் தடவையாக அந்த இளைஞரின் கை தயங்கியது. பேனா மூடியைத் திறந்தது, பிறகு மூடியது. தயக்கம் நான்கைந்து விநாடி இருந்திருக்கும். அந்த நான்கைந்து விநாடியில், அந்த எண் பொய் என்று அவருக்கும் தெரியும் என்பது பென்சிலுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவர் முகம் தெளிந்தது.

"அந்தக் கட்டமே எதுக்கு? பழைய காலத்து முறை. படிவத்துலேருந்து கட்டத்தையே எடுத்துடலாம். நிரப்பறதைக் கம்ப்யூட்டர்ல போட்டா நாலு நிமிஷ வேலை. உங்களுக்கும் சிரமமில்ல." போனை எடுத்துக் கணினி அறைக்குப் பேசினார். பேசி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணி முன்னால் இருந்த தாளை எடுத்தாள். கையெழுத்துப் போடப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான்காக மடித்து, இன்னொரு தடவை மடித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அது எங்க தாள்," என்றார் ஆலோசகர்.

"இல்ல தம்பி. இதுல இருக்கறது எங்க வீட்டு மாவு. உங்களுக்கு எதுக்கு?" எழுந்தாள். "கையெழுத்து இல்லாமயே போட்டுக்குவீங்க, தெரியும். நல்லாப் போட்டுக்குங்க."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. பஸ் நிறுத்தத்தில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பேரும் நின்றார்கள். மேலே மூன்றாம் மாடியில் இந்நேரம் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் நூறு கிராம் மாவு போய்ச் சேர்ந்திருக்கும். வாரிசுகளின் வரி முழுவதுமாகப் போயிருக்கும். பென்சில் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வாயைக் கொப்பளித்து, சாக்கடை ஓரமாகத் துப்பினாள். மறுபடி கொப்பளித்தாள்.

"வேலை போயிடுமா?" என்று கேட்டாள் அண்ணி.

"போக வேண்டியதில்ல. நானே வேண்டியதில்லன்னு ஆயிடுச்சு."

"சட்டைக்கு ஏழு பட்டன். ஊசி இன்னொண்ணு இருக்கு."

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க."

"சும்மா இரு. எல்லாரும் பாக்கறாங்க." அண்ணி தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தாள். பஸ் வரவில்லை. "ஆனா அந்தத் தம்பி ஒண்ணும் மோசமில்ல," என்றாள்.

பென்சில் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அரை ஸ்பூன்னு சொன்னேன், அவரு ஒரு ஸ்பூனாப் போட்டாரு. ரெண்டு தடவைக்கு ஒரு ஸ்பூன் மிச்சம். முந்நூத்துச் சொச்சம் வீட்டுக்கும் அப்படித்தானே? அந்தச் சர்க்கரையெல்லாம் எந்த மாடில குடுக்கறாங்கன்னு கேக்காம வந்துட்டோமே."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. பஸ் வந்தது, அதில் உட்கார இடம் இல்லை.